மழை நாளில் மட்டும் எரியும் எச்சரிக்கை விளக்கு: ஹைப்ரிட் காருக்கு உதவி தேவை

சிப்புட்வாசி:
வணக்கம். மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் இருக்கிறேன். 2013ஆம் ஆண்டு ஜப்பானிய ஹைப்ரிட் கார், பெட்ரோல் இயந்திரமும் மின்மோட்டாரும் சேர்ந்து ஓட்டுவது. அரசாங்கம் ஹைப்ரிட்களுக்கு வரிவிலக்கு கொடுத்த காலத்தில் ஒருவர் வாங்கியதை மூன்று ஆண்டுகளுக்கு முன் நான் வாங்கினேன். நான்கு மாதமாக ஒரு தொல்லை. ஓடிக்கொண்டிருக்கும்போதே சிவப்பு முக்கோண விளக்கு எரிகிறது. ஹைப்ரிட் அமைப்பைச் சோதிக்கச் சொல்லித் திரையில் எழுத்து வருகிறது. ஆனால் கார் நிற்பதில்லை, இழுவை குறைவதில்லை, பெட்ரோலும் கூடுதலாகக் குடிப்பதில்லை. இரண்டு மூன்று நாளில் விளக்கு தானாகவே அணைந்துவிடுகிறது. பட்டறைக்குக் கொண்டுபோனால் பரம சாதுவாக நிற்கிறது.

மழை பெய்யும் நாளில்தான் இது வருகிறது என்பது என் கணிப்பு. தண்ணீர் எங்கோ இறங்குகிறது என்று நினைத்துப் பின்பெட்டியின் கம்பளத்தைத் தூக்கிப் பார்த்தேன். காய்ந்துதான் கிடந்தது. வீட்டுக்குப் பின்னால் செம்பனைத் தோட்டம் என்பதால் எலி மீதும் சந்தேகம் வந்தது. கடித்த தடம் எதுவும் கண்ணில் படவில்லை.

ஈப்போவில் ஒரு பட்டறையில், மின்மோட்டாரை ஓட்டும் பெரிய பேட்டரியை மாற்ற 8,000 ரிங்கிட் கேட்கிறார்கள். "மாற்றித்தான் பார்ப்போமே" என்றார் அங்கிருந்தவர். 8,000 ரிங்கிட்டை வைத்துக்கொண்டு பார்ப்போமே என்பதா? அந்தச் சொல்லைக் கேட்டுத்தான் காரைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன்.

லாரிக்காரன்:
முதலில் சின்ன பேட்டரியைப் பாருங்கள் அண்ணா, 12 வோல்ட் பேட்டரி. ஹைப்ரிட்டில் அது பலவீனமானால் சம்பந்தமில்லாத விளக்கெல்லாம் எரியும். இரவு முழுக்க நின்ற காரில், காலையில் கதவைத் திறந்து சிறிது நேரம் விட்டுவிட்டு மீட்டர் வைத்துப் பாருங்கள்.

சிப்புட்வாசி:
பார்த்துவிட்டேன் தம்பி. காலையில் 12.5, கார் தயார் நிலைக்கு வந்ததும் 14.1. போன வருடம்தான் புதிதாகப் போட்டது.

கங்சார் ஒயர்மேன்:
அப்படியானால் அதை விட்டுவிடலாம். காரின் கணினியில் பதிவான கோளாறுக் குறியீடு என்ன? அதைச் சொல்லாமல் மழை, எலி என்று பேசிக்கொண்டிருப்பதில் பயனில்லை. இன்னொன்று, ஒவ்வொரு முறையும் பட்டறையில் அதை அழித்துவிட்டா காரைக் கொடுக்கிறார்கள்?

சிப்புட்வாசி:
ஆமாம் ஐயா, அழித்துத்தான் கொடுக்கிறார்கள். பில்லின் பின்பக்கத்தில் பேனாவால் பி0ஏஏ6 என்று எழுதியிருக்கிறது.

கங்சார் ஒயர்மேன்:
பேட்டரி தளர்ந்துபோனால் வழக்கமாக வரும் குறியீடு பி0ஏ80. உங்களுடையது வேறு. 200 வோல்ட்டுக்கு மேல் ஓடும் உயர் மின்னழுத்தப் பகுதிக்கும் காரின் உடம்புக்கும் நடுவே இருக்க வேண்டிய மின்காப்பு, அதாவது மின்சாரம் கசியாமல் தடுப்பது, எங்கோ குறைந்திருக்கிறது என்று பொருள். பேட்டரிக்குள்ளும் அது நடக்கலாம், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் டிரான்ஸ்மிஷனிலுள்ள மோட்டார், பேட்டரி மின்சாரத்தை மோட்டாருக்கு ஏற்றபடி மாற்றும் இன்வெர்ட்டர், ஏர்கான் கேஸை அழுத்தும் கம்ப்ரசர் எல்லாமே அதே மின்சாரத்தில்தான் ஓடுகின்றன.

உங்கள் வகைக் காரில் முதன்மைக் குறியீட்டோடு மூன்று இலக்கத் துணை எண் ஒன்றும் பதிவாகும். 611 என்றால் ஏர்கான், 612 என்றால் பேட்டரி, 613 என்றால் டிரான்ஸ்மிஷன். சாதாரண மலிவுக் கருவி அதைக் காட்டாது. ஹைப்ரிட் பகுதியைப் படிக்கும் கருவி வேண்டும். கோளாறு பதிவான நொடியில் கார் எந்த நிலையில் இருந்தது என்ற விவரமும் உள்ளே இருக்கும். குறியீட்டை அழித்தால் அதுவும் போய்விடும். விட்டு விட்டு வரும் கோளாறுக்கு அந்தப் பதிவு ஒன்றுதான் சாட்சி. அதை அழிக்கிறவரிடம் இனிக் காரைக் கொடுக்காதீர்கள்.

உயர் மின்னழுத்தம் ஓடும் ஆரஞ்சு நிற ஒயர் எதையும் நீங்களாகத் தொட வேண்டாம். எலித் தடம் தேடுவதாக இருந்தாலும் கண்ணால் மட்டும் தேடுங்கள்.

சிப்புட்வாசி:
புரிகிறது ஐயா. ஒன்றைச் சொன்னால் சிரிப்பீர்கள். மழையை விட்டால், மனைவி உடன் வரும் நாளிலும் விளக்கு எரிகிறது. சென்ற மாதம் நல்ல வெயிலில் ஈப்போவுக்குத் துணி எடுக்கப் போனோம்; பாதி வழியில் எரிந்தது. தனியாக வேலைக்குப் போகும்போது வாரக்கணக்கில் ஒன்றும் இல்லை.

லாரிக்காரன்:
அண்ணி ஏறியதும் ஏர்கான் போடுவாரா?

சிப்புட்வாசி:
கதவைச் சாத்துமுன் கை அங்கேதான் போகும். நான் தனியாகப் போனால் கண்ணாடியை இறக்கிவிட்டுக் காற்று வாங்கிக்கொண்டு போகிறவன். மழை பெய்தால் மட்டும் கண்ணாடியை ஏற்றிவிட்டு...

அடடா.

கங்சார் ஒயர்மேன்:
மழையும் இல்லை, எலியும் இல்லை. ஏர்கானுக்கு வெளியே எங்காவது கேஸ் அடித்தீர்களா?

சிப்புட்வாசி:
ஆறு மாதத்துக்கு முன், சாலையோரக் கடை ஒன்றில். எண்ணெய் குறைவாக இருப்பதாகச் சொல்லி அதையும் ஊற்றினார்கள்.

கங்சார் ஒயர்மேன்:
இந்தக் காரில் கம்ப்ரசரைச் சுற்றுவது பெல்ட் இல்லை, மின்மோட்டார். அதன் சுருள் கேஸிலும் எண்ணெயிலும் நனைந்தபடியே இருக்கும். அதனால் மின்சாரத்தைக் கடத்தாத என்.டி.-11 வகை எண்ணெயைத்தான் போட வேண்டும். சாதாரணக் கார்களுக்கு ஊற்றும் பி.ஏ.ஜி. எண்ணெய் சிறிது கலந்தாலும் மின்காப்பு இறங்கிவிடும். கம்ப்ரசர் ஓடும்போதுதான் கணினி அதைக் கண்டுபிடிக்கிறது. கோளாறில்லாமல் சில பயணம் முடிந்தால் விளக்கு அணையும். உங்கள் கதை இதற்கு அப்படியே பொருந்துகிறது. ஆனாலும் என் பேச்சை வைத்துக் கம்ப்ரசரை மாற்றிவிடாதீர்கள். ஒரு வாரம் ஏர்கான் இல்லாமல் ஓட்டுங்கள், பிறகு போட்டு ஓட்டுங்கள், எரிந்ததும் அழிக்காமல் துணை எண்ணைப் படிக்கச் சொல்லுங்கள்.

சிப்புட்வாசி:
பத்து நாள் கழித்து எழுதுகிறேன். ஏர்கான் இல்லாத எட்டு நாளில் இரண்டு பெருமழை, விளக்கு எரியவில்லை. ஒன்பதாம் நாள் ஏர்கானைப் போட்டதும் கால் மணி நேரத்தில் எரிந்தது. துணை எண் 611.

எண்ணெய் குழாய்களிலும் பரவியிருக்கும் என்பதால் கழுவி விட்டால் மட்டும் போதாது என்கிறார்கள். பழைய கார்களின் பாகங்களை விற்கும் ஹாஃப் கட் கடையில் கம்ப்ரசர் 900 ரிங்கிட்டுக்குக் கிடைக்கிறது; கேஸைக் குளிரவைக்கும் கண்டென்சரையும் சேர்த்து மாற்றுவதாக முடிவு. பெரிய பேட்டரியை யாரும் தொடவில்லை.

எட்டு நாள் வேர்த்துக்கொண்டே உடன் வந்த மனைவி, இந்த யோசனையைச் சொன்னது யார் என்று கேட்டார். கோலகங்சார் பக்கம் என்பதோடு நிறுத்திக்கொண்டேன் ஐயா.