விலை குறைந்தும் பாஸ்டனில் தேயிலையைக் கடலில் கொட்டியது ஏன்?

மாடித்தோட்டம்: மகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கப் போய் நானே மாட்டிக்கொண்டேன். 1773 தேயிலைச் சட்டத்தால் பிரிட்டனின் அமெரிக்கக் குடியேற்றங்களில் தேயிலை மலிவாகத்தான் ஆனதாம். அப்படியிருக்க 342 பெட்டிகளை ஏன் கொட்டினார்கள்? "வரி எதிர்ப்பு" என்று எழுதினால் தப்பா?

சுக்குக்காபி: கடத்தல்காரர்கள் பிழைப்பு போச்சு, அவ்வளவுதான். டச்சுத் தேயிலையைத் திருட்டுத்தனமாக இறக்கி விற்றவர்களுக்கு, கிழக்கிந்தியக் கம்பெனிச் சரக்கு மலிவாக வந்தால் வயிறு எரியாதா?

பழைய கிளியரிங்: அது பாதிக் கதை சார். இருபது வருஷம் துறைமுகத்தில் கிளியரிங் ஏஜென்டாக இருந்தவன் நான், என் கண்ணில் படுவது தேதிதான். தேயிலை ஏற்றிய டார்ட்மவுத் கப்பல் நவம்பர் 28 அன்று பாஸ்டனுக்கு வந்தது. 20 நாளுக்குள் டியூட்டி கட்டாவிட்டால் சுங்கத்தார் சரக்கைப் பறிமுதல் செய்யலாம். பறிமுதலானால் விற்று வரியை எடுத்துக்கொள்வார்கள். அதனால் ஊர்க்காரர்கள் சரக்கோடு கப்பலைத் திருப்பி அனுப்பச் சொன்னார்கள். ஆளுநர் ஹட்சின்சன் கப்பல் புறப்பட பாஸ் தரவில்லை. (அந்தத் தேயிலையை விற்க நியமிக்கப்பட்டவர்களில் அவருடைய மகன்களும் உண்டு!) டிசம்பர் 16 மாலை கப்பல்காரர் வெறுங்கையோடு திரும்பி வந்தார். மறுநாள் கெடு. அன்று இரவே தேயிலையோடு நின்ற மூன்று கப்பல்களிலும் ஏறிக் கோடாரியால் பெட்டிகளைப் பிளந்தார்கள். கடல் வற்றியிருந்த நேரம், தேயிலை கப்பலோரம் வைக்கோல்போர் மாதிரி குவிந்ததாம். கோட்டுக்குள் கொஞ்சம் திணித்துக்கொண்ட ஒருவரைப் பிடித்து உதைத்தார்கள். உடைந்துபோன ஒரு பூட்டுக்குப் புதுப் பூட்டு வாங்கிக் கொடுத்தார்கள்.

வரி ஒரு பவுண்டு எடைத் தேயிலைக்கு 3 பென்ஸ்தான். 1767இல் கண்ணாடி, காகிதம், பெயின்ட் எல்லாவற்றுக்கும் போட்டதை 1770இல் எடுத்துவிட்டுத் தேயிலைக்கு மட்டும் வைத்துக்கொண்டதே, "வரி போடும் உரிமை எங்களுக்கு உண்டு" என்று காட்டத்தான். குடியேற்றக்காரர்கள் தரப்பில் ஓர் உறுப்பினர்கூட இல்லாத பிரிட்டிஷ் பாராளுமன்றம் போட்ட வரி அது. நாங்களெல்லாம் தகராறு இருந்தால் "ஆட்சேபத்துடன் கட்டுகிறேன்" என்று எழுதிக் கட்டிவிட்டு அப்புறம் வழக்காடுவோம். அங்கே கட்டினாலே உரிமையை ஒப்புக்கொண்டதாகிவிடும்.

சுக்குக்காபி: சரி, கடத்தல் மட்டும் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஒன்று சேர்க்கிறேன்: அது நம்மை ஆண்ட அதே கிழக்கிந்தியக் கம்பெனி. லண்டன் கிடங்குகளில் விற்காத சீனத் தேயிலை மலையாகக் கிடந்தது. அதைத் தள்ளிவிடத்தான் அந்தச் சட்டமே.

மாடித்தோட்டம்: நன்றி சார். அப்போ "வரி எதிர்ப்பு" என்றே எழுதச் சொல்கிறேன், "விலை உயர்வு" என்று எழுத வேண்டாம். பிறகு என்ன ஆனது?

பழைய கிளியரிங்: 1774இல் நஷ்டஈடு கட்டும்வரை பாஸ்டன் துறைமுகத்தையே மூடினார்கள். மற்ற குடியேற்றங்கள் அரிசியும் ஆடுகளும் அனுப்பின. 1775 ஏப்ரலில் லெக்சிங்டனில் துப்பாக்கி வெடித்து, அமெரிக்க விடுதலைப் போரே தொடங்கிவிட்டது.