ஓடும்போது விலாவில் குத்து: மூச்சா, வயிறா?

புதுக்கால்: ஓட ஆரம்பித்துக் கொஞ்ச நாள்தான் ஆகிறது. ஒரு கிலோமீட்டர் தாண்டியதும் வலது விலாவுக்குக் கீழே சுருக்கென்று குத்துகிறது. நடந்தால் போய்விடுகிறது, ஓடினால் திரும்ப வருகிறது. என்ன செய்யலாம்?

விடியலோட்டம்: மூச்சுதான். புதிதாக ஓடுபவர்கள் மேலோட்டமாக, படபடவென்று மூச்சு வாங்குவார்கள். நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே இருக்கும் மூச்சுத் தசையான உதரவிதானம் களைத்துப் பிடித்துக்கொள்ளும். இடது கால் ஊன்றும்போது மூச்சை வெளியே விடுங்கள். கல்லீரல் வலது பக்கம் இருப்பதால் வலது காலில் விட்டால் அது உதரவிதானத்தைக் கீழே இழுக்கும். நிற்காமல் ஓடுங்கள், தானாகப் போய்விடும்.

நிதானம்: நீச்சல்காரர்களுக்கும் இதே வலி வருகிறதே, அங்கே எந்தக் கால் ஊன்றுகிறது? குதிரைச் சவாரி செய்பவர்களுக்கும் வருகிறது. அவர்களுக்கு ஓடுகிற அளவுக்கு மூச்சு வாங்குவதில்லை. வயிற்றின் உட்சுவரை ஒட்டியிருக்கும் மெல்லிய உறை உறுத்தப்படுவதுதான் காரணமாக இருக்கலாம் என்பது ஆய்வாளர்கள் முன்வைக்கும் ஒரு விளக்கம். வயிறு நிறைந்திருந்தால் உறுத்தல் கூடும். சிலருக்குத் தோள் நுனியிலும் சேர்ந்து வலிக்கும்; உறையின் மேல்பகுதிக்குப் போகும் நரம்பு கழுத்திலிருந்து வருவதால்.

விடியலோட்டம்: அதே நரம்புதான் ஐயா உதரவிதானத்தையும் இயக்குகிறது! உங்கள் சாட்சி என் பக்கமும் பேசும்.

நிதானம்: சரி, தோளை விடுங்கள். குதிரைக்காரருக்கு பதில் சொல்லுங்கள். புதுக்கால், கிளம்பும் முன் என்ன குடிக்கிறீர்கள்?

புதுக்கால்: தெம்புக்காக ஒரு பெரிய டம்ளர் ஜூஸ். குடித்த கையோடு கிளம்பிவிடுவேன்.

நிதானம்: அப்படிப் போடுங்கள். பழச்சாறு மாதிரி சர்க்கரை தூக்கலான பானம் இந்த வலியைக் கிளப்பும் என்று சோதித்தே பார்த்திருக்கிறார்கள். முழுச் சாப்பாடு என்றால் 2 - 3 மணி நேரம் இடைவெளி வேண்டும். தாகம் எடுத்தால் தண்ணீர், ஒவ்வொரு வாயாக.

விடியலோட்டம்: வெறும் வயிற்றில் ஓடியும் எனக்கு வந்திருக்கிறது. அதற்கு?

நிதானம்: வயிறு ஒன்றே காரணம் என்று நான் சொல்லவில்லை. மேல்முதுகு கூனியவர்களுக்கு அதிகம் வருகிறது. வயது குறைந்தவர்களுக்கும்.

ஓரப்பாதை: நீங்கள் காரணத்துக்கு மல்லுக்கட்டுகிறீர்கள், அவருக்கு நடு ஓட்டத்தில் குத்துகிறது. தம்பி, குத்தினால் வேகத்தைக் குறையுங்கள். வலிக்கிற இடத்தில் விரல்களை அழுத்தி, லேசாக முன்னால் குனிந்து, உதட்டைக் குவித்து மெதுவாக ஊதுங்கள். பலருக்கும் சில நிமிடங்களில் அடங்கிவிடும். பல்லைக் கடித்துக்கொண்டு ஓட இது பந்தயமா என்ன? ஓட்டத்தை நிறுத்தி வெகுநேரமாகியும் வலி விடவில்லை என்றாலோ, நெஞ்சு இறுகினாலோ இங்கே கேட்டுக்கொண்டிருக்காமல் மருத்துவரிடம் போங்கள்.

விடியலோட்டம்: ஜூஸை நிறுத்தட்டும், வேண்டாம் என்று யார் சொன்னது? கூடவே இடது கால் மூச்சையும் பழகட்டும். காசா, பணமா?

நிதானம்: இரண்டையும் ஒன்றாக மாற்றினால் எது கேட்டது என்று எப்படித் தெரியும்? முதலில் ஜூஸ்.

புதுக்கால்: நாளைக்கு ஜூஸ் இல்லாமல் ஓடிவிட்டு வந்து எழுதுகிறேன். அதுவரை சண்டையைத் தொடருங்கள்.