கோத்தகிரி பக்கம் கண்டெய்னர் வீடு: வருஷம் முழுக்க இருக்க முடியுமா?

கேள்வி: சரிவுநிலம்

கோத்தகிரி பக்கம் 6 சென்ட் பட்டா நிலம் இருக்கிறது, நல்ல சரிவு. 20 அடி பழைய கண்டெய்னர் ஒன்றை இறக்கி அப்பா அம்மாவுக்கு வீடாக்கலாம் என்று யோசனை. லீவுக்கு வந்து தங்க இல்லை. ஐப்பசி மழையிலும் மார்கழிப் பனியிலும் அங்கேயேதான் இருப்பார்கள். உள்ளே தண்ணீர் சொட்டும் என்கிறார்கள். தகரத்தில் தெர்மாகோல் ஒட்டி மேலே ப்ளைவுட் அடித்தால் போதுமா? ஜேசிபி வைத்து நிலத்தைச் சமப்படுத்தணுமா? கண்டெய்னருக்கு அனுமதியே வேண்டாம் என்கிறார் விற்பவர்.

பதில் 1: தகரக்கூரை

தெர்மாகோல் வேண்டாம் சார். சொட்டுறது மழைத்தண்ணி இல்லை. இருக்கிறவங்க மூச்சு, குளியல், சமையல் ஆவிதான். உள்ளே 18 டிகிரி, ஈரப்பதம் 75 சதவீதம்னா, 13 டிகிரிக்குக் கீழே போன எந்தப் பரப்பிலும் நீர் கோத்துக்கும். ஜனவரி ராத்திரி தகரம் அதைவிட ரொம்பக் கீழே போயிடும். கண்டெய்னர் சுவர் மடிப்பு மடிப்பா இருக்கும். தட்டையான தெர்மாகோலை ஒட்டினா ஒவ்வொரு மடிப்புக்குள்ளேயும் காற்று நிற்கும். ஆவி இடுக்கு வழியா அங்கே போய்த் தண்ணியா மாறும், வெளியே ஒண்ணும் தெரியாது. ஒரு மழைக்காலம் கழிச்சு ப்ளைவுட்டைக் கழட்டினா பின்பக்கம் முழுக்கக் கறுப்புப் பூஞ்சை, கீழ் ஓரத்தில் துரு.

குளோஸ்டு செல் பியூ ஃபோமை (ஆவி எளிதில் புகாத பாலியூரித்தேன் நுரை) தகரத்து மேலேயே 50 மில்லிமீட்டர் கனத்துக்கு ஸ்ப்ரே பண்ணணும், காற்று இடைவெளியே இருக்கக் கூடாது. போர்டு அடிக்கிற இரும்பு ஃபிரேம் தகரத்தைத் தொடாம 10 மில்லி தள்ளி நிற்கட்டும். தொட்ட இடமெல்லாம் குளிர் உள்ளே வந்து கோடு கோடா வேர்க்கும். ஃபோம் தீப்பிடிக்கும், அதனால சிமென்ட் ஃபைபர் போர்டால மூடுங்க. 2.35 மீட்டர் உள் அகலம் இதுக்கப்புறம் சுமார் 2.2 மீட்டர்தான். கட்டிலைக் குறுக்கே போட்டா நடக்க இடமிருக்காது.

பழைய கண்டெய்னர் தரை ப்ளைவுட்ல பெரும்பாலும் பூச்சிமருந்து ஏத்தியிருப்பாங்க. அதைப் பேர்த்துடுங்க. மேலே ஒரு அடி இடைவெளி விட்டு, சுத்தி 2 அடி நீட்டி, சரிவா இன்னொரு ஷீட் கூரை போட்டா வெயிலும் மழைச் சத்தமும் குறையும். அப்புறம், ஈரத்துணியை உள்ளே காயப்போடவே கூடாது. வெளியே பாலிகார்பனேட் ஷீட் போட்ட தனிச் சார்ப்பு வேணும்.

பதில் 2: ஹேர்பின்

மேலே சொன்னது சரி, ஆனால் கண்டெய்னரே தேவையா என்று பாருங்கள். காலிப் பெட்டி 2.2 டன்னுக்கு மேல். அதை இறக்க கிரேன் வேண்டும். எஸ்டேட் ரோட்டு வளைவில் கிரேன் திரும்பாது, திரும்பினாலும் ஓரம் தாங்காது. இரண்டு தகரத்துக்கு நடுவே இதே ஃபோம் வைத்த 50 மில்லிமீட்டர் பஃப் பேனல் சதுர மீட்டருக்குச் சுமார் 10 கிலோதான்; சின்ன லாரியில் ஏற்றி வந்து நாலு பேர் கையில் தூக்கிப் பூட்டலாம். இதில் கெடுவது பேனல் இல்லை, இணைப்புதான். ஒவ்வொரு இணைப்பிலும் பியூட்டைல் டேப், வெளியே சிலிக்கான். அடி ஓரத்தை யு சேனலால் மூடாவிட்டால் எலி ஃபோமைக் குடைந்து உள்ளேயே குடியேறிவிடும்.

எதை வைத்தாலும் சரிவை வெட்டாதீர்கள். 2009 நவம்பர் மழையில் நீலகிரியில் மண் சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். வெட்டிய செங்குத்து மண் நீர் குடித்தால் நிற்காது. சரிவுக்கேற்ப உயரம் மாறும் கான்கிரீட் தூண்கள் போதும்: மேல்பக்கம் ஒன்றரை அடி, கீழ்ப்பக்கம் எவ்வளவு தேவையோ அவ்வளவு. கண்டெய்னரின் எடை நான்கு மூலைகளில்தான் இறங்கும், தூணும் அங்கேதான் வர வேண்டும். தூணில் பதித்த இரும்புத் தகட்டோடு மூலையை வெல்டு செய்துவிடுங்கள், காற்றுக்கு ஆடாது. கூரைத் தண்ணீரையும் குளியலறைத் தண்ணீரையும் தூண் பக்கம் விடாமல் பைப்பில் ஓடை வரை கொண்டுபோங்கள்.

அனுமதி வேண்டாம் என்பதை நம்பாதீர்கள். குடியிருந்தால் அது வீடுதான். பட்டா, எஃப்எம்பி ஸ்கெட்ச் (நில அளவை வரைபடம்) இரண்டோடும் உள்ளாட்சி அலுவலகத்தில் முதலில் கேளுங்கள். உங்கள் கிராமம் மலைப்பகுதிப் பாதுகாப்பு விதிக்குள் வருகிறதா என்று பார்த்த பிறகே அட்வான்ஸ் கொடுங்கள். நீலகிரியில் ஜேசிபிக்கும் கலெக்டர் அனுமதி வேண்டும்.

பதில் 3: கருவேப்பிலை

வயசானவங்க இருக்கப்போறாங்கன்னா இரண்டு விஷயம். ஒண்ணு, கரண்ட். இரும்புப் பெட்டியில் ஒரு வயர் தோல் உரிஞ்சா வீடே ஷாக் அடிக்கும். தனி எர்த் குழி, கரண்ட் கசிஞ்சா உடனே கட் பண்ற 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி, இரண்டும் கட்டாயம். மாசம் ஒருதடவை அதோட டெஸ்ட் பட்டனை அமுக்கிப் பாருங்க.

ரெண்டு, குளிர். கரி அடுப்பை உள்ளே வெச்சுக் கதவைச் சாத்தினா கார்பன் மோனாக்சைடு தூக்கத்திலேயே ஆளைக் கொன்னுடும். கேஸ் ஹீட்டரும் சரிவராது, ஒரு கிலோ கேஸ் எரிஞ்சா ஒன்றரை லிட்டர் தண்ணி ஆவியா உள்ளேயே நிற்கும். 1500 வாட் ஆயில் ஹீட்டர் இந்த அளவு அறைக்குத் தாராளம், முழுசா ஓடினா மணிக்கு ஒன்றரை யூனிட். எதிரெதிர்ச் சுவரில் கீழே ஒண்ணு, மேலே ஒண்ணுன்னு 4 இஞ்ச் பைப் விட்டு, வலை போட்டு, எப்பவும் திறந்தே வைங்க. குளிருதுன்னு அதில் துணி அடைச்சா பூஞ்சை திரும்பி வரும்.

கோத்தகிரியில் கரடி எண்ணெய் வாசனைக்குக் கதவை உடைக்கும். சமையல் பக்கம் ப்ளைவுட் கதவு போடாதீங்க, இரும்புச் சட்டம் போட்டதா இருக்கட்டும்.

சரிவுநிலம்

தெர்மாகோலைக் கைவிட்டாச்சு. எங்கள் வளைவில் 12 அடி டிப்பரே ரிவர்ஸ் எடுத்துத்தான் திரும்பும், அதனால் பஃப் பேனல்தான். தரைக்கு என்ன போடுவது?

ஹேர்பின்

இரும்பு ஃபிரேம், அதன்மேல் 18 மில்லி சிமென்ட் போர்டு, மேலே வினைல். போர்டுக்கு அடியிலும் பஃப் கொடுங்கள், இல்லாவிட்டால் முதலில் குளிர்வது பாதம்தான். ஃபிரேமுக்கு பிரைமர் இரண்டு கோட், வெல்டு வைத்த இடத்தில் மூன்று.