அரவேணு நம்ம தெரு குழு

டீச்சர் அக்கா: நெடுஞ்சாலைத் துறையின் கொள்கை விளக்கக் குறிப்பைப் படித்தேன். துறையின் செலவுக்குப் பணம் கேட்கும் மானியக் கோரிக்கையின்போது சட்டமன்றத்தில் வைப்பார்களே, அதுதான். மாநிலம் முழுக்க 12,000 கி.மீ.க்கு மேல் மாநில நெடுஞ்சாலை. நம் ஊர் வளைவில் நடக்கும் ரோடு வேலை எந்த நிலையில் இருக்கிறது என்று அதில் எப்படித் தெரியும்?

பெரியப்பா: தெரியாதும்மா. அது திட்டவாரியாகச் சொல்வது. நம் ரோடு எஸ்.எச். 15, அதாவது மாநில நெடுஞ்சாலை 15, ஈரோட்டிலிருந்து சத்தி, மேட்டுப்பாளையம், கோத்தகிரி வழியாக ஊட்டி வரை. மலைப்பகுதி அதில் ஒரு துண்டுதான்.

காலேஜ் தம்பி: அந்த மாதிரிக் குறிப்பில் 80 சதவீதம் முடிந்தது என்று போட்டால், முக்கால்வாசிக்கு மேல் ஆகிவிட்டது என்றுதானே அர்த்தம், பெரியப்பா?

பெரியப்பா: எதில் 80 என்று முதலில் கேள். வேலை முடிந்த அளவு ஒரு கணக்கு, பணம் கொடுத்த அளவு இன்னொரு கணக்கு. தார் போட்டால் கி.மீ. வேகமாக ஏறும். தடுப்புச் சுவர், வடிகால், சிறுபாலம் எல்லாம் மெதுவாகத்தான் நகரும். மலையில் ரோட்டைத் தாங்குவதே அவைதான்.

ஜீப் அண்ணன்: உண்மை. டீ ஃபேக்டரிக்குக் கீழே புதுச் சுவரில் தண்ணீர் வடியக் குழாய் வைத்திருக்கிறார்கள். ஆனால் சுவருக்குப் பின்னால் கல் நிரப்பாமல் மண்ணைத் தள்ளியிருக்கிறார்கள். நேற்று அவ்வளவு மழைக்கும் ஒரு குழாயில்கூடச் சொட்டு வரவில்லை. செம்மண் தண்ணீர் சுவர்மேல் ஏறி ரோட்டில் ஓடுகிறது.

டீச்சர் அக்கா: ஐயோ! சீசனில் ஊட்டியிலிருந்து இறங்கும் வண்டியெல்லாம் இந்தப் பக்கம்தானே திருப்பி விடுகிறார்கள்.

பெரியப்பா: சீசனைவிட ஐப்பசி, கார்த்திகைதான் எனக்குப் பயம். 2009 நவம்பர் மண்சரிவில் நம் நீலகிரி மாவட்டத்தில் 40 பேருக்கு மேல் இறந்து போனார்கள். சுவருக்குப் பின்னால் தண்ணீர் தேங்கினால் சுவரையே தள்ளிவிடும்.

டீச்சர் அக்கா: சரி, தகவல் உரிமை மனு போடுவோம். 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் போதும், 30 நாளில் பதில் தர வேண்டும். என்ன கேட்கலாம்?

பெரியப்பா: சதவீதம் கேட்காதே. கி.மீ. கல் வாரியாகச் சுவர் எவ்வளவு, வடிகால் எவ்வளவு, கடைசியாக அளந்த தேதி என்ன என்று கேள். அளந்ததை எம்-புக் என்கிற அளவுப் புத்தகத்தில் எழுதித்தான் பில் போடுவார்கள், அதன் நகலும் வேண்டும். ஒப்பந்தப்படி முடிக்க வேண்டிய நாள், அதற்கப்புறம் பழுதானால் ஒப்பந்தக்காரர் எத்தனை வருஷம் பொறுப்பு என்பதும் முக்கியம்.

டீச்சர் அக்கா: 2005 தகவல் உரிமைச் சட்டத்திலேயே வேலையை நேரில் பார்வையிடவும், பொருளின் மாதிரி எடுக்கவும் உரிமை இருக்கிறது. அதையும் எழுதுகிறேன்.

ஜீப் அண்ணன்: அது முக்கியம் அக்கா. சுவருக்குப் பின்னால் தோண்டிக் காட்டச் சொல்லுங்கள். நானும் வருகிறேன்.

காலேஜ் தம்பி: நாளைக் காலை கி.மீ. கல்லும் சுவரும் சேர்ந்து தெரிகிற மாதிரி படம் எடுத்து இங்கே போடுகிறேன்.

பெரியப்பா: மழை பெய்யும்போதும் ஒன்று எடு. ரோட்டோரமாக நின்று எடு, சுவர் பக்கம் போகாதே.