பிக்கப் சுற்றுவோர் அனுபவப் பகிர்வு: ஈயம் வைத்த இணைப்பின் மேல் எதைப் போர்த்தினீர்கள்?

ஹலசூரிலிருந்து, திரியைத் தொடங்கியவர்

கிட்டார் பிக்கப்பை, அதாவது தந்திகளின் அதிர்வை மின் சிக்னலாக்கும் காந்தமும் கம்பிச் சுருளும் கொண்ட பாகத்தை, தாமே சுற்றிப் பார்க்கும் நண்பர்கள் எத்தனை சுற்று, எந்தக் காந்தம், எந்தக் கம்பி என்று மணிக்கணக்கில் பேசுகிறோம். கம்பியின் இரு முனைகளிலும் ஈயம் வைத்த பிறகு அவற்றின் மேல் எதைப் போர்த்துகிறோம் என்பதைப் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை. என் முதல் பிக்கப் காலை வாரியது அந்த இடத்தில்தான் என்பதால் நானே தொடங்குகிறேன்.

தையல் மெஷின் மோட்டாரைக் கொண்டு ஒரு சுற்றும் கருவியைச் செய்து, எனாமல் பூச்சையே காப்பாகக் கொண்ட 42 கேஜ் கம்பியில் ஸ்ட்ராட்டோகாஸ்டர் (சுருக்கமாக ஸ்ட்ராட்) கிட்டார் வகைப் பிக்கப்புகள் மூன்றைச் சுற்றினேன். அந்தக் கம்பியின் குறுக்களவு ஏறத்தாழ 0.063 மில்லிமீட்டர், கிட்டத்தட்ட ஒரு தலைமயிர்தான். ஒவ்வொன்றிலும் 8000 சுற்றுக்குச் சற்றுக் குறைவு, மல்டிமீட்டர் 5.9 கிலோ ஓம் காட்டியது. கிட்டாரின் உட்குழி முழுவதும் செம்புத் தகடு ஒட்டி எர்த் கொடுத்திருந்தேன். வீட்டில் வாசித்தபோது மூன்றும் நன்றாகவே ஒலித்தன.

கிறிஸ்துமஸ் பாடல் ஒத்திகைக்காகத் தேவாலயத்துக்குக் கொண்டுபோனபோது, பிரிட்ஜ் (தந்திகள் உடல் பக்கம் முடியும் இடம்) பக்கப் பிக்கப் மற்ற இரண்டையும்விடச் சத்தமாக இருந்ததால் அதன் திருகுகளைத் தளர்த்திக் கீழே இறக்கினேன். திருகின் இரண்டாவது சுற்றிலேயே ஒலி அடியோடு நின்றுவிட்டது. மேலே ஏற்றினால் வந்தது, இறக்கினால் போயிற்று. கழற்றிப் பார்த்தபோது, அடித்தட்டின் துளைகளில் நான் வைத்த இரண்டு ஈயப் பொட்டுகளும் துருத்திக்கொண்டிருந்தன. அவற்றின் மேல் ஒட்டிய கறுப்பு பி.வி.சி. டேப் பசை இளகி ஒரு பக்கமாக நகர்ந்து கிடந்தது. வெயிலில் நிறுத்திய காரின் பின்னிருக்கையில் ஒரு மதியம் முழுவதும் கிட்டார் இருந்ததுதான் காரணமாக இருக்க வேண்டும். எர்த் பக்கப் பொட்டு செம்புத் தகட்டைத் தொட்டால் ஒன்றும் ஆகாது, தகடும் எர்த்தே. சிக்னல் பக்கப் பொட்டு தொட்டதால் வாத்தியம் ஊமையாயிற்று.

பிக்கப்பில் உண்டாகும் மின்னழுத்தம் பெரும்பாலும் ஒரு வோல்ட்டுக்குள் அடங்கிவிடும். அது யாரையும் ஷாக் அடிக்கப் போவதில்லை. ஆகவே இங்கே காப்பு என்பது மின்சாரத்தைத் தடுப்பதற்காக மட்டும் அன்று. இணைப்பு நகராமல், எதையும் உரசாமல், அரிக்கப்படாமல் இருப்பதற்காகவும்தான். இப்போது தேன் நிறத்தில் இருக்கும் கேப்டான் டேப்பை பெங்களூர் எஸ்.பி. சாலையில் வாங்கி வைத்திருக்கிறேன். சால்டரிங் சூட்டையே தாங்குகிற பொருளுக்குக் காரின் சூடு ஒரு பொருட்டன்று.

சிவாஜிநகரிலிருந்து ஓர் உறுப்பினர்

எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தவர் மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருக்கும் வேலூர்ப் பெரியவர் ஒருவர். கிட்டாரை அவர் கையால் தொட்டதுகூடக் கிடையாது. நான் சுற்றிய ஹம்பக்கர் (இரைச்சலைத் தணிக்க இரண்டு சுருள்களை இணைத்த பிக்கப்) ஒன்று அடிக்கடி செத்துச் செத்துப் பிழைத்ததால், வேறு வழி தெரியாமல் அதை அவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு வெறுங்கண்ணால் இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு, “ஏம்பா, ஈயம் வெச்சிருக்கே, இழுத்தா எது தாங்கும்?” என்று கேட்டார்.

அவர் கேட்டதன் பொருள் எனக்குப் பிறகுதான் விளங்கியது. கெட்டியான வெளி வயரை மயிரிழைக் கம்பியோடு நேராகப் பற்றவைத்து, அதன் மேல், சூடு பட்டால் சுருங்கிப் பிடிக்கும் பிளாஸ்டிக் குழாயான ஒரு ஷ்ரிங்க் ஸ்லீவை மாட்டியிருந்தேன். வெளி வயர் அசையும்போதெல்லாம் ஸ்லீவும் சேர்ந்து அசைந்து, ஸ்லீவின் வாயிலேயே மெல்லிய கம்பி மடிந்து மடிந்து அறுந்துகொண்டிருந்தது. காப்பு இருந்தது, பிடிமானம் இல்லை. அவர் கடையில் செய்வது போல இணைப்புக்கு இரண்டு சென்டிமீட்டர் முன்பாகவே வெளி வயரை நூலால் பாபினோடு (சுருள் சுற்றிய சட்டத்தோடு) கட்டி, மெல்லிய கம்பியைச் சற்றுத் தொய்வாக விட்டு, அந்தத் தொய்வோடு சேர்த்து நாடாவால் சுற்றச் சொன்னார்.

அவர் கண்ட இன்னொரு பிழை, இணைப்பை நேரடியாகச் சுருளின் மேலேயே நான் படுக்க வைத்திருந்தது. ஈயம் ஆறும்போது நுனியில் சில சமயம் முள் போல ஒரு கூர் நின்றுவிடுகிறது. மேலிருந்து இறுக்கிச் சுற்றும்போது அந்த முள் கீழேயுள்ள கம்பிகளின் எனாமலைக் குத்திச் சில சுற்றுகளைத் தமக்குள்ளேயே இணைத்துவிடும். மீட்டரில் ஓம் அளவு சொல்லும்படி குறையாது. உயர்ந்த ஸ்வரங்களின் பளிச்சென்ற தன்மை மட்டும் மங்கிப்போகும், நாமோ காந்தத்தைக் குறை சொல்லிக்கொண்டிருப்போம். அவர் தம் மேசையிலிருந்த லெதராய்டு என்ற காப்புத் தாளில் தபால்தலை அளவுக்கு ஒரு துண்டை வெட்டிக் கொடுத்து, சுருளுக்கும் இணைப்புக்கும் நடுவில் வைக்கச் சொன்னார். கிப்சன் கிட்டார் நிறுவனத்தில் சேத் லவர் வடிவமைத்த ஹம்பக்கரின் தொடக்ககாலப் பிரதிகளிலும் சுருளைச் சுற்றிக் கறுப்புக் காகித நாடாதான் இருக்கும். அதற்கான காப்புரிமையை லவர் 1955இல் கேட்டு, 1959இல் பெற்றார்.

புறப்படும்போது ஸ்லீவைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னார்: அதை ஈயம் வைப்பதற்கு முன்பே வயரில் கோத்துவிட வேண்டும். இதை எல்லோரும் அறிவோம். ஆனாலும் பற்றவைத்து முடித்துவிட்டு நிமிர்ந்தால், வெட்டி வைத்த ஸ்லீவ் மேசையில் கிடந்து நம்மைப் பார்க்கும்.

ஜாலஹள்ளியிலிருந்து, பணி ஓய்வு பெற்ற ஓர் உறுப்பினர்

தொழிற்சாலையில் முப்பது ஆண்டுகள் கேபிள் முனைகளோடு காலம் தள்ளியவன் என்ற உரிமையில் எழுதுகிறேன். என் பேரனின் கிட்டாரில் இருந்த ஹம்பக்கர் திடீரென்று ஹம் என்று இரையத் தொடங்கி, ஒலியும் மெலிந்துபோனது. 7.6 கிலோ ஓம் இருந்த இடத்தில் மீட்டர் 3.8 காட்டியது. சரிபாதி என்பதே துப்பைக் கொடுத்துவிட்டது.

நான்கு வயர் உள்ள ஹம்பக்கரில் இரு சுருள்களையும் தொடராக இணைக்கும் இரண்டு வயர்கள் ஒன்றாகப் பற்றவைக்கப்பட்டு, டேப் சுற்றி, யாரும் தொடாத மூலையில் ஒதுக்கிவைக்கப்படுகின்றன. யாரும் தொடாததாலேயே அதை அரைகுறையாகச் சுற்றுகிறோம். பேரனின் கிட்டாரில் அந்த இணைப்பு, பக்கத்தில் காப்பின்றி ஓடிய, எர்த்தில் சேரும் ஷீல்டு வயரைத் தொட்டுவிட்டது. அதனால் ஒரு சுருளின் இரு முனைகளுமே எர்த்துக்குப் போக, மற்றச் சுருள் மட்டும் தனியாக வேலை செய்தது. ஒரு சுருளை மட்டும் ஒலிக்கவிடும் காயில் ஸ்பிளிட் சுவிட்சை வேண்டுமென்றே தட்டினால் நேர்வதும் இதுவே. அந்த இணைப்புக்கு ஒரு ஸ்லீவ் போட்டதோடு நிறுத்தாமல், ஷீல்டு வயருக்கும் தனியாக ஒரு ஸ்லீவ் போடுங்கள். செலவு ஒரு ரூபாய்க்குள்தான்.

எந்த இரண்டு வயர்களை ஒன்றாக இணைப்பது என்பதில் நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம். சீமோர் டங்கன் நிறுவனத்தின் பிக்கப்பில் வெள்ளையும் சிவப்பும் இணைய வேண்டும், டிமார்சியோவில் கறுப்பும் வெள்ளையும் இணைய வேண்டும். சீமோர் டங்கனின் அட்டவணையை டிமார்சியோவுக்குப் பயன்படுத்தினால் மீட்டர் முழு ஓமையும் காட்டும், ஆனால் சுருள்கள் ஒன்றையொன்று எதிர்த்து ஒலி சவசவவென்று போய்விடும்.

சுருள் அசையாதிருக்கப் பிக்கப்பை உருகிய மெழுகில் முக்கி, எடுத்த சூட்டோடு அளந்துவிட்டுப் பதறுபவர்களுக்கும் ஒரு சொல். செம்பின் மின்தடை ஒரு டிகிரி செல்சியசுக்கு ஏறத்தாழ 0.39 சதவீதம் உயரும். அறையைவிட 35 டிகிரி கூடுதலாகச் சூடான சுருளில் 6 கிலோ ஓம், 6.8 வரை காட்டும். இணைப்பில் குறை என்று நினைத்துப் பிரித்துவிடாதீர்கள். இரவு முழுவதும் ஆறவிட்டு மறுபடி அளந்து பாருங்கள்.

பிரேசர் டவுனிலிருந்து ஓர் உறுப்பினர்

என் கதை சிறியது, அசட்டுத்தனமானது. குளியலறை ஓரங்களில் பூசும் சிலிக்கோன் மீதம் இருந்ததால், அது தண்ணீரையே தடுக்கிறதே என்று இரண்டு இணைப்புகளின் மேலும் தாராளமாகப் பூசினேன். பூசும்போது காடி நெடி வந்தது. எட்டு மாதத்தில் பிக்கப் ஊமையானது. சிலிக்கோனை உரித்தபோது ஈயப் பொட்டைச் சுற்றிப் பச்சை பூத்திருந்தது, மெல்லிய கம்பி பொடியாகக் கையோடு வந்தது. காடி நெடி வரும் சிலிக்கோன் உலரும்போது அசிட்டிக் அமிலத்தை வெளிவிடுகிறது. கெட்டியான வயரென்றால் சில ஆண்டுகளாவது தாங்கியிருக்கும், இந்தக் கம்பியில் அரிப்பதற்கு என்ன இருக்கிறது? பைப் வேலைக்கு விற்கும் அமிலப் பசையைச் சால்டருக்குப் பயன்படுத்தினாலும் இதே கதிதான். ரோசின் (மரப்பிசினிலிருந்து செய்யும் சால்டர் பசை) போதும்.

மல்லேஸ்வரத்திலிருந்து ஓர் உறுப்பினர்

மெழுகு ஊட்டுவதற்கு முன்பு ஸ்லீவைச் சுருக்குவதா, பின்பா என்று யோசிப்பவர்களுக்கு என் அனுபவம் முன்பு என்பதே. பாரஃபின் நான்கு பங்கும் தேன்மெழுகு ஒரு பங்கும் கலந்து, 65 டிகிரியளவில் முக்கியெடுத்த பிறகு ஸ்லீவைச் சுருக்க லைட்டரை நீட்டினேன். மெழுகு பற்றிக்கொண்டது, பாபினின் ஓரம் நெளிந்தது. ஊதி அணைத்துவிட்டேன், அம்மாவிடம் மட்டும் சொல்லவில்லை.

இன்னொன்று: ஸ்ட்ராட் வகையில் கம்பி நேரடியாக, தந்திகளுக்குக் கீழே நிற்கும் ஆறு காந்தக் கம்பங்களின் மேலேயே சுற்றப்படுகிறது. கம்பத்தின் விளிம்பில் பிசிர் இருந்தால் எனாமல் கீறிவிடும். விரலால் கம்பத்தைத் தொட்டதும் ஆம்ப்ளிஃபையரில் கர்ரென்று கேட்டால் அதுதான் விஷயம். சுற்றுவதற்கு முன்பே கம்பங்களைச் சுற்றி மெல்லிய டேப்பை ஒரே ஓர் அடுக்கு ஒட்டிவிடுவது என் வழக்கம்.

ஹலசூரிலிருந்து, திரியைத் தொடங்கியவர்

மல்லேஸ்வரம் நண்பர் சொன்னதைப் படித்துவிட்டு இன்று மாலையே மூன்று பிக்கப்புகளையும் கழற்றி, ஒவ்வொரு கம்பத்துக்கும் கம்பியின் தொடக்க முனைக்கும் நடுவே மீட்டரை வைத்துப் பார்த்தேன். பதினேழு கம்பங்களில் மீட்டர் அசையவில்லை. நடுப் பிக்கப்பின் நான்காவது கம்பம் மட்டும் 40 ஓம் காட்டியது. அப்படியானால் முதல் அடுக்கிலேயே எங்கோ எனாமல் கீறியிருக்கிறது. நல்ல வேளையாக அந்தத் தொடக்க முனையை நான் எர்த்தில் கொடுத்திருப்பதால், விரல் வைத்தாலும் இரைச்சல் இல்லை, ஒலியிலும் குறை தெரியவில்லை. பிரித்தால் 8000 சுற்றையும் மறுபடி சுற்ற வேண்டும் என்பதால் அப்படியே திரும்பப் பூட்டிவிட்டேன்.