வலித்தணிப்பு சேவை நல்லதா, இல்லையா? ராமநாதபுரம் கடற்கரைப் பக்கத்து அனுபவப் பகிர்வு

உச்சிப்புளி உறுப்பினர்:
மதுரை ஆஸ்பத்திரியில "இனிமே வீட்ல வச்சுப் பாத்துக்குங்க"ன்னு சொல்லி அனுப்பின பிறகு என்ன செய்வதுன்னு கேட்டு நிறையப் பேர் எழுதறாங்க. மண்டபம், பாம்பன், கீழக்கரை, தேவிபட்டினம், தொண்டி பக்கம் வீட்டுக்கு வந்து பார்க்கிற பாலியேட்டிவ் (வலித்தணிப்பு) அமைப்பும், படுக்கை கொடுத்துச் சேர்த்துக்கொள்கிற ஹாஸ்பைஸும் நல்லதா இல்லையான்னு எதை வச்சுக் கண்டுபிடிக்கிறது? கட்டடம், ஏசி, சிரிச்ச முகம் இதெல்லாம் வேண்டாம். என்ன கேட்டா உண்மை வெளியே வரும், அதை எழுதுங்க. எந்த அமைப்பின் பேரும் போட வேண்டாம்.

மருந்தாளுநர், ராமநாதபுரம்:
முதல் கேள்வி, கடும் வலிக்குக் கொடுக்கும் மார்ஃபின் பற்றி. "வாய்வழி மார்ஃபின் மாத்திரை உங்ககிட்டயே இருப்பு இருக்கா? எத்தனை நாளுக்கு ஒரே தடவையில் தருவீங்க?" இதற்கு நேரான பதில் வரவில்லை என்றால், புற்றுநோய் வலிக்கு அந்த இடம் உதவாது. "சட்டம் விடாது சார்" என்று சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது பழைய கதை. போதைப்பொருள் சட்டத்தை 2014ல் திருத்தி, மார்ஃபின் உள்ளிட்ட சில மருந்துகளை அத்தியாவசியப் பட்டியலுக்குக் கொண்டுவந்தார்கள். மாநில மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரியிடம் அங்கீகாரம் வாங்கிய நிறுவனம் மார்ஃபினை வாங்கி வைத்துக் கொடுக்கலாம். அந்த அங்கீகாரம் இருக்கிறதா என்று கேளுங்கள். இருப்பவர்கள் தயங்காமல் காட்டுவார்கள்.

கணக்கும் கேளுங்கள். 10 மி.கி. மாத்திரை நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை என்றால் ஒரு நாளைக்கு 6. இடையில் வலி கிளம்பினால் போட இன்னும் 2 வைத்துக்கொண்டால் 8. பதினாலு நாளுக்கு 112 மாத்திரை. தங்கச்சிமடத்திலிருந்தோ தொண்டியிலிருந்தோ வருகிறவருக்கு 30 மாத்திரை மட்டும் கொடுத்து "நாலு நாள்ல வாங்க" என்கிற இடம் நோயாளியை நினைக்கவில்லை, தன் பதிவேட்டை மட்டும் நினைக்கிறது. இடைவலிக்கான மாத்திரையைத் தனியாக எழுதித் தராத சீட்டு அரைகுறைச் சீட்டு.

(இதெல்லாம் அமைப்பை எடை போடத்தான். மருத்துவர் சொல்லாமல் யாரும் அளவைக் கூட்டிக் குறைக்க வேண்டாம். முதல் முறையாக மார்ஃபின் எடுப்பவருக்குப் பொதுவாக 5 மி.கி.யில்தான் தொடங்குவார்கள், முதியவர்களுக்கு 2.5. கிட்னி பழுதானவருக்கு நாலு மணிக் கணக்கே பொருந்தாது, மருந்து உடம்பில் சேர்ந்துவிடும். கை கால் திடுக் திடுக்கென்று வெட்டி இழுத்தால், கூப்பிட்டும் எழ முடியாத தூக்கம் வந்தால் உடனே போன் செய்ய வேண்டும். இந்த எச்சரிக்கையை முதல் நாளே சொல்லாத இடத்தில் கவனமாக இருங்கள்.)

வீட்டு வருகை செவிலி, மண்டபம்:
மருந்துக்கார அண்ணன் சொன்னதோட இன்னொண்ணு. மார்ஃபின் எழுதற அதே சீட்டுல மலச்சிக்கலுக்கு மருந்து இருக்கான்னு பாருங்க. பைசகோடைல் 5 மி.கி. ராத்திரிக்கு ரெண்டு, இல்லேன்னா அது மாதிரி வேற ஒண்ணு. மார்ஃபின் குமட்டல் கொஞ்ச நாள்ல போயிரும், மலச்சிக்கல் போகவே போகாது. அதனால "சிக்கல் வந்தா பாப்போம்"னு சொல்றது தப்பு.

நான் அடிக்கடி பாக்கிறது இது. மூணு நாலு நாளா வெளிய போகாம, அப்புறம் தண்ணியா கசியும். வீட்டுக்காரங்க வயித்தால போகுதுன்னு நெனச்சுக் கடையில மாத்திரை வாங்கிப் போட்டுருவாங்க. உள்ள கெட்டியா அடைச்சிருக்கு, ஓரத்துல தண்ணி கசியுது, அவ்வளவுதான். வயித்தால நிறுத்துற மருந்து போட்டா அடைப்பு இன்னும் இறுகிரும். வர்ற நர்ஸ் கையுறை மாட்டி ஆசனவாய் வழியா விரலால சோதிச்சுப் பாக்கிறாங்களா, இல்ல கேட்டுட்டு எழுதிட்டுப் போறாங்களா? ஒரு நர்ஸோட தரம் அங்க தெரிஞ்சிரும்.

வலி கேக்கிற விதத்தையும் கவனிங்க. "வலிக்குதா அப்பா?"ன்னு கேட்டா நம்ம ஆளுங்க, அதுவும் கடல்ல உழைச்ச ஆளுங்க, "பரவாயில்ல தாயி"ன்னுதான் சொல்லுவாங்க. தெரிஞ்சவங்க வேற மாதிரி கேப்பாங்க: ராத்திரி எத்தனை தடவ முழிச்சீங்க, சட்டை போடும்போது கை தூக்க முடியுதா, எரியுதா, குடையுதா, ஷாக் அடிக்கிற மாதிரி இருக்கா. எரிச்சல், மின்சாரம் மாதிரின்னா நரம்பு வலி. அதுக்கு மார்ஃபின் மட்டும் பத்தாது, ராத்திரிக்கு அமிட்ரிப்டிலின், இல்லேன்னா கபாபென்டின், பிரிகாபலின் சேப்பாங்க. பேச முடியாதவங்கன்னா திருப்பும்போது நெத்தி சுருங்குதான்னு பாப்பாங்க. பத்துக்கு எவ்வளவுன்னு ஒரு எண் ஒவ்வொரு வருகையிலயும் நோட்டுல விழணும்.

கீழக்கரை உறுப்பினர்:
சிஸ்டர் சொன்னது சரி. எங்க ஊரில் இன்னொரு சிக்கல். பெரியவரைப் பார்த்துக்கொள்வது வீட்டில் இருக்கும் பெண்கள், முடிவு சொல்வது துபாயிலோ மலேசியாவிலோ இருக்கும் மகன். "ஐசியுல சேருங்க"ன்னு அங்கிருந்து போன் வரும். நல்ல அமைப்பு முதல் வாரத்திலேயே வீடியோ காலில் எல்லோரையும் சேர்த்து உட்கார வைத்து, நோய் எந்த நிலையில் இருக்கிறது, எது செய்வோம், எது செய்ய மாட்டோம் என்று பேசி, அதை எழுதியும் வைத்துவிடும். இதைச் செய்யாத இடத்தில் கடைசி வாரம் 108 வண்டியில்தான் கழியும்.

ரமலானில் நோன்பு வைப்பேன் என்று பிடிவாதம் பிடிப்பவர்கள் உண்டு. நோயாளிக்கு விலக்கு இருக்கிறது என்று ஆலிம் (மார்க்க அறிஞர்) சொன்னாலும் கேட்க மாட்டார்கள். அப்போது 12 மணி நேரம் வேலை செய்யும் மார்ஃபினுக்கு மாற்றி, சஹருக்கும் (விடியலுக்கு முன்) இஃப்தாருக்கும் (நோன்பு திறக்கும்போது) கொடுக்கலாமா என்று யோசிக்கிற மருத்துவர் இருந்தால் அந்த இடத்தை நம்பலாம். "நோன்பெல்லாம் கூடாது" என்று அதட்டி அனுப்பினால் வீட்டில் மருந்தை நிறுத்திவிட்டு நோன்பு தொடரும்.

ஓய்வு பெற்ற மருத்துவர், பரமக்குடி:
எதைச் செய்யாமல் இருக்கிறார்கள் என்பதும் ஒரு அளவுகோல். வாரத்துக்கு மூன்று முறை குளுக்கோஸ் ஏற்றுகிற "பாலியேட்டிவ்" என்னைப் பொறுத்தவரை வெறும் வியாபாரம். 500 மி.லி. பாட்டில், 5% குளுக்கோஸ். உள்ளே 25 கிராம் சர்க்கரை. நூறு கலோரிகூடத் தேறாது. குடிக்க முடிந்தவருக்கு அரை டம்ளர் கஞ்சி அதைவிட மேல். கடைசி நாட்களில் அந்தத் தண்ணீர் காலில் வீக்கமாகவும் தொண்டையில் களகளவென்றும்தான் நிற்கும். அந்தச் சத்தத்துக்கு டியூப் விட்டு உறிஞ்சுவதை விட, ஒருக்களித்துப் படுக்க வைத்து ஹயோசின் பியூட்டைல்புரோமைடு கொடுப்பது நல்லது.

இடுப்பில் ஊசி, இடுப்பில் ஊசி என்று போட்டுக்கொண்டே இருப்பதும் அப்படித்தான். விழுங்க முடியாதவருக்குத் தோலுக்கு அடியில் ஒரு பட்டர்ஃபிளை ஊசியை (இறக்கை வைத்த சின்ன ஊசி) சொருகி ஒட்டிவிட்டால் அதன் வழியாகவே மருந்து போகும், ஒவ்வொரு முறையும் குத்த வேண்டாம். வீட்டில் இதைச் செய்யத் தெரியுமா என்று கேட்டுப் பாருங்கள்.

ஒரே ஒரு அவசரம் பற்றி எல்லாக் குடும்பத்துக்கும் சொல்லியிருக்க வேண்டும். எலும்புக்குப் பரவிய புற்றுநோய், முதுகு வலி, கூடவே கால் துவண்டு போகிறது அல்லது சிறுநீர் வரவில்லை என்றால் தண்டுவடம் நசுங்குகிறது. அன்றைக்கே வீக்கம் குறைக்கும் டெக்ஸாமெதசோன் கொடுத்து கதிர்வீச்சு இருக்கிற இடத்துக்கு அனுப்ப வேண்டும். ஒரு நாள் தாமதித்தால் நடை திரும்பாமலே போகலாம். ஓரிடத்தில் மட்டும் எலும்பு வலி என்றால் ஒரே அமர்வில் 8 கிரே (கதிர்வீச்சின் அளவு) கதிர்வீச்சு கொடுத்தாலே பலருக்கு வலி இறங்குகிறது. "இனி ஒண்ணும் இல்ல" என்று சொல்வதற்கு முன் இதைப் பற்றிப் பேசுகிறார்களா?

படிப்பைக் கேட்பதில் தயக்கம் வேண்டாம். எம்.பி.பி.எஸ். முடித்தவர் பாலியேட்டிவில் ஆறு வாரமாவது பயிற்சி எடுத்திருக்கிறாரா, செவிலிகள் எடுத்திருக்கிறார்களா? அன்பு இருக்கிறது, பயிற்சி இல்லை என்பது இந்த வேலையில் போதாது.

மண்டபம் செவிலி:
டாக்டர் ஐயா சொன்னதுக்கு அப்புறம் நம்ம கடற்கரைக்குன்னு உள்ளதையும் எழுதிருதேன்.

தண்ணி: புண் கழுவ உப்புத்தண்ணி வீட்டுலயே செய்யச் சொல்லுவோம். அரை லிட்டர் கொதிச்சு ஆறின தண்ணிக்கு ஒரு தட்டையான டீஸ்பூன் உப்பு. ஆனா போர் தண்ணி நம்ம பக்கம் ஏற்கெனவே உப்பு. அதுல செஞ்சா கரிச்சுப் புண் எரியும். காவிரிக் குழாய்த் தண்ணியோ கேன் தண்ணியோதான் எடுக்கணும். இதைச் சொல்லாம அச்சடிச்ச தாளை நீட்டுறவங்க நம்ம ஊருக்கு வந்து பழகலைன்னு அர்த்தம்.

ஈ: கருவாடு காயப்போடற இடத்துக்குப் பக்கத்து வீடுன்னா வாய்ப்புற்றுப் புண்ணுல புழு வைக்கிறது சீக்கிரம். கொசுவலை கட்டாயம். புழு வந்துட்டா டர்பன்டைன் நனைச்ச துணியைப் புண் ஓரமா வச்சு, வெளிய வர்றதை ஃபோர்செப்ஸால (இடுக்கி) எடுப்போம். புண்ணுக்குள்ள ஊத்தக் கூடாது. நாத்தத்துக்கு மெட்ரோனிடசோல் 400 மி.கி. மாத்திரையை மாவா பொடிச்சுத் தூவினா ரெண்டு மூணு நாள்ல குறையும். இதை முதல் வருகையிலேயே செய்யணும். நாத்தத்தாலதான் பேரப்பிள்ளைங்க கிட்ட வராம போறாங்க. கழுத்துப் புண்ணுல ரத்தம் பீறிடலாம்னா, கருப்புலயோ சிவப்புலயோ துண்டு நாலு முன்னாடியே எடுத்து வைக்கச் சொல்லுவோம். வெள்ளைத் துண்டுல ரத்தம் பாத்தா வீடே மிரண்டு போகும்.

கரண்டு: ஏர்பெட் மோட்டாரு நின்னா பெட்டு தட்டையா போயிரும், அப்புறம் வெறும் கட்டில்தான். அடிக்கடி கரண்டு போற இடத்துல வாட்டர்பெட் மேல். எந்த பெட்டானாலும் ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதடவ நோயாளியைத் திருப்பணும். வட்ட வளையக் குஷன் வேண்டாம், அது ரத்த ஓட்டத்தை நிறுத்தும். விரலால அமுக்கினா வெளுக்காத சிவப்பு தெரிஞ்சா அதுதான் படுக்கைப் புண்ணோட ஆரம்பம். அந்த இடத்தைத் தேய்க்கக் கூடாது. விரிப்புல மணல் இருந்தா அதுவே உரசிப் புண்ணாக்கும்.

வலிக்கு ஒட்டுற ஃபென்டனில் பேட்ச், தகர ஷீட்டு வீட்டுல சித்திரை வெயில்ல ஆபத்து. உடம்பு சூடானா மருந்து வேகமா உள்ள போகும், காய்ச்சல்லயும் அப்படித்தான். மூணு நாளைக்கு ஒண்ணு மாத்தணும், பழசைப் பசை உள்பக்கமா மடிச்சுக் குழந்தைங்க கைக்கு எட்டாம போடணும். ஒட்டிட்டுப் போறவங்க இதெல்லாம் சொன்னாங்களான்னு கேளுங்க.

உச்சிப்புளி உறுப்பினர்:
சிஸ்டர், ஆக்சிஜன் மெஷின் வாடகைக்கு எடுக்கச் சொல்றாங்களே, எல்லாருக்கும் தேவையா?

மண்டபம் செவிலி:
இல்லண்ணே. ரத்தத்துல ஆக்சிஜன் அளவு நல்லா இருந்து மூச்சு மட்டும் திணறுறவங்களுக்கு முகத்துக்கு நேரா ஃபேன், தலைப்பக்கம் உயர்த்தி உக்கார வைக்கிறது, கொஞ்ச அளவு மார்ஃபின், இதுவே பிடிக்கும். அளவு குறைஞ்சவங்களுக்குத்தான் மெஷின். அப்பவும் கரண்டு போனா மாத்த பி டைப் ஆக்சிஜன் சிலிண்டர் ஒண்ணு வேணும். அதுல சுமார் 1,500 லிட்டர். நிமிஷத்துக்கு 2 லிட்டர்னு விட்டா 12 மணி நேரம் தாங்கும். உப்புக்காத்துல ரெகுலேட்டர் துருப்பிடிச்சு இறுகும், மாசம் ஒருதடவ திறந்து பாக்கணும். புயல் எச்சரிக்கை வந்தா ரெண்டு வாரத்து மருந்தையும் சிலிண்டரையும் முன்கூட்டியே கொண்டு வந்து கொடுக்கிற அமைப்புதான் ஐப்பசி கார்த்திகையில நம்பிக்கையானது.

தன்னார்வலர், தங்கச்சிமடம்:
வருகை நேரத்தையும் பாருங்க. விசைப்படகு போற வீட்டுல ஆம்பளைங்க திங்கள், புதன், சனி கடலுக்குப் போயிருவாங்க. கடல்பாசி எடுக்கப் போற பொம்பளைங்க விடியக்காலைல தீவுப்பக்கம். பத்து மணிக்கு நர்ஸ் வந்து கிழவி மட்டும் இருக்கிற வீட்டுல டிரஸ்ஸிங் முறையைச் சொல்லிட்டுப் போறதுல என்ன பிரயோஜனம்? ஆள் இருக்கிற நேரத்தைக் கேட்டு அட்டவணை போடறாங்களா, ஒருத்தருக்குச் செஞ்சு காட்டி, அவங்க கையால திரும்பச் செய்ய வச்சுப் பாக்கிறாங்களா, அதுதான் முக்கியம். ஏப்ரல் 15லேருந்து ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். வீட்டுல காசு இருக்காது. அந்த 61 நாள்ல டயப்பர், யூரின் பேக் இலவசமா கிடைக்க வழி சொல்றாங்களான்னும் கேளுங்க. அரசோட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல 2021லேருந்து பாலியேட்டிவ் செவிலியும் பிசியோதெரபிஸ்டும் வீட்டுக்கு வர்றாங்க. தனியார் அமைப்பு அவங்களோட பேசி நாளைப் பிரிச்சுக்கிட்டா வாரத்துக்கு ரெண்டு வருகை கிடைக்கும். அவங்களைத் தெரியவே தெரியாதுன்னு சொல்ற அமைப்பு சந்தேகம்தான்.

ராத்திரி நம்பரையும் சேர்றதுக்கு முன்னாடியே சோதிங்க. சனிக்கிழமை ராத்திரி பதினொரு மணிக்கு அடிச்சுப் பாருங்க. எடுக்கிறவர் நோயாளிக்கு என்ன கஷ்டம்னு பொறுமையா கேக்கிறாரா, "காலைல பேசுங்க"ங்கறாரா?

பரமக்குடி மருத்துவர்:
படுக்கை உள்ள ஹாஸ்பைஸ் என்றால் சொல்லாமல் காலை ஆறு மணிக்குப் போங்கள், அல்லது இரவு சாப்பாட்டு நேரத்தில். மூத்திர வாடை அடிக்கிறதா, தண்ணீர் டம்ளர் கை எட்டும் தூரத்தில் இருக்கிறதா, யூரின் பேக் தரையில் கிடக்கிறதா என்று பாருங்கள். பேக் மூத்திரப்பைக்குக் கீழே, தரையில் படாமல் தொங்க வேண்டும். மூக்கு டியூபில் உணவு கொடுக்கும்போது தலை 30 முதல் 45 டிகிரி உயர்ந்து இருக்க வேண்டும், முடிந்தபின் அரை மணி நேரமாவது அப்படியே. படுத்த நிலையில் ஊற்றினால் நுரையீரலுக்குப் போகும். கையைக் கட்டி வைத்திருக்கிறார்கள் என்றால் ஏன் என்று கேளுங்கள். பல நேரம் அந்தக் குழப்பத்துக்குக் காரணம் நிறைந்த மூத்திரப்பை, அல்லது அடைத்த மலம்.

உடன் ஒருவர் தங்கலாமா, பாதிரியாரோ ஆலிமோ பூசாரியோ எந்த நேரமும் வரலாமா? இதில் விதி பேசுகிற இடம் எனக்குப் பிடிக்காது.

தீவிர சிகிச்சை வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதி வைக்கும் உரிமையை உச்ச நீதிமன்றம் 2018ல் ஏற்றுக்கொண்டது. 2023ல் அதை எளிதாக்கி, இரண்டு சாட்சிகளோடு நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரி முன் கையெழுத்திட்டால் போதும் என்றது. இந்தப் படிவத்தைப் பற்றிக் கேட்டால் விழிக்கிற ஹாஸ்பைஸ் இருக்கக் கூடாது.

மருந்தாளுநர், ராமநாதபுரம்:
கடைசியாகத் தாள் வேலை. வீட்டில் இறந்தால், பார்த்து வந்த மருத்துவர் இறப்புக் காரணத்தைப் படிவம் 4ஏ-யில் எழுதித் தர வேண்டும். ஆஸ்பத்திரியில் என்றால் படிவம் 4. "ராத்திரி ரெண்டு மணிக்கு நடந்தா யார் வந்து பார்த்து எழுதுவாங்க?" என்று முன்பே கேட்டுவிடுங்கள். இறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்தால் கட்டணமில்லை. கிராமத்தில் வி.ஏ.ஓ.விடம், நகராட்சி, பேரூராட்சியில் அவர்கள் அலுவலகத்தில்.

மீதமான மார்ஃபின் மாத்திரைகளை எண்ணி, பதிவேட்டில் எழுதி, திரும்ப வாங்கிக்கொள்கிறார்களா என்றும் கவனியுங்கள். "வச்சுக்குங்க, வேற யாருக்காவது ஆகும்" என்று சொல்கிற அமைப்பு கணக்கே வைத்திருக்காது.