ஐசிடி ஷாக் அடித்த பிறகு நடக்கவே பயப்படும் நோயாளியிடம் எப்படிப் பேசுவது?

மலர் (செவிலியர்):
ஐசிடி (ஆபத்தான இதயத்துடிப்பை ஷாக் கொடுத்து நிறுத்த உடலுக்குள் வைக்கும் கருவி) பொருத்திய ஒரு பெரியவருக்கு மாடிப்படி ஏறும்போது ஒருமுறை ஷாக் அடித்தது. சோதித்துப் பார்த்ததில், ஆபத்தான துடிப்பைக் கருவி சரியாகவே நிறுத்தியிருக்கிறது. ஆனால் அன்றிலிருந்து மனிதர் படி ஏறுவதில்லை, நடைப்பயிற்சியும் நின்றுவிட்டது. பொருத்தி 3 மாதமாகியும் இடது கையை உடம்போடு ஒட்டியே வைத்திருக்கிறார். மனைவி பக்கத்தில் படுக்கவே அஞ்சுகிறார். “பயப்படாதீங்க” என்று எத்தனை தடவை சொல்வது? வேறு வழி சொல்லுங்கள்.

வசந்தி (கருவி கிளினிக் செவிலியர்):
அந்த வார்த்தையை விட்டுவிடுங்கள் மலர். நினைவோடு இருக்கும்போது ஷாக் வந்தால் மார்பில் ஓங்கி உதைத்தது போலிருக்கும். அவர் பயம் நியாயமானது. அன்று என்ன நடந்தது என்று அவரையே சொல்லவிட்டு, குறுக்கே பேசாமல் கேளுங்கள்.

அப்புறம், அடுத்த ஷாக் வந்தால் என்ன செய்வது என்று மருத்துவரிடம் கேட்டுப் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுங்கள். நாங்கள் எழுதித் தருவது: ஒரே ஷாக், பிறகு உடம்பு நன்றாக இருக்கிறது என்றால் கிளினிக்குக்கு போன். மார்புவலி, மூச்சுத்திணறல், மயக்கம் இருந்தாலோ, 24 மணி நேரத்துக்குள் மறுபடி அடித்தாலோ உடனே ஆம்புலன்ஸ். கொடுத்ததும், “வீட்டில் இதை எப்படிச் சொல்வீர்கள்?” என்று கேளுங்கள். புரியாத இடம் அப்போதுதான் தெரியும்.

கை விஷயம் நம் பக்கத்துக் குறை என்றே நினைக்கிறேன். முதல் 4 முதல் 6 வாரம் தோளுக்கு மேல் தூக்காதீர்கள் என்கிறோம். எப்போதிலிருந்து தூக்கலாம் என்று யாரும் சொல்வதில்லை. அசைக்காமலே இருந்தால் தோள்மூட்டு இறுகிவிடும். பிசியோதெரபிஸ்ட்டிடம் அனுப்புங்கள்.

கமலா:
என் கணவருக்கும் ஐசிடிதான். ஷாக் அடிக்கும் நேரம் நாம் தொட்டுக்கொண்டிருந்தால் லேசாகச் சுரீரென்று தெரியலாம், நமக்கு ஒன்றும் ஆகாது என்று ஒரு சிஸ்டர் என்னை உட்காரவைத்துச் சொன்னார். அதன் பிறகே நிம்மதியாகப் பக்கத்தில் படுத்தேன். அந்த அம்மாவிடம் தனியாகப் பேசுங்கள் சிஸ்டர். கணவர் எதிரில் எதையும் கேட்கமாட்டார்.

மலர்:
நன்றி. அவரிடம் தனியாகவே பேசுகிறேன். பெரியவர் வண்டி ஓட்டலாமா என்றும் கேட்கிறார்.

வசந்தி:
ஷாக் வந்த பிறகு எவ்வளவு காலம் ஓட்டக்கூடாது என்பது நாட்டுக்கு நாடு மாறும். மருத்துவர் சரி என்று சொல்லும்வரை ஓட்ட வேண்டாம். நடைப்பயிற்சியை மட்டும் மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு சீக்கிரம் தொடங்கிவிடுங்கள். முதல் தடவை நீங்களே கூட நடங்கள்.